இடம் இருந்தால் லண்டன்

கல்யாணமாகிற பெண்ணுக்கு என்னென்ன பறிபோகும் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விமான டிக்கெட் பறிபோவதைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதக் காணோம். ஆகையால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா பம்பாயில் ஒரு விமானக் கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். எந்த போல்ட் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். விமானத்தில் ஏறியதென்னவோ இரண்டே தடவை, இரண்டும் மெட்ராஸுக்கு. சிப்பந்திகளின் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு தரம் ஓசி டிக்கெட் உண்டு. மகளுக்கு அது கல்யாணமாகும் வரைதான். தாலி ஏறிய நிமிஷத்திலிருந்து நான் அப்பாவைச் சார்ந்தவள் இல்லை என்பது கம்பெனி சட்டம். எனக்கோ தையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை மாட்டுங்காவில் பாங்க் உத்தியோகம். அவருக்கும் பயணச் சலுகை உண்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். கன்னியாகுமரி வரைக்கும், ரயிலில்.

ஆக, லண்டனைப் பார்ப்பதானால் மார்கழி முடிவதற்குள் பார்த்தாக வேண்டும். மார்கழியில் எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாதே, லண்டன் போவது நல்ல காரியத்தில் சேருமா என்று அம்மா கேட்டாள். சேரவே சேராது என்று அடித்துச் சொன்னேன்.

"சரி, எப்படியோ போயிடலாம். திரும்பி வரது?" என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். எங்கள் டிக்கெட்டுக்குக் கம்பெனிக் குடும்பங்களில் 'சப்லோ' என்று பெயர். சப்ஜெக்ட் டு லோட். காசு கொடுத்த மகாராஜாக்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு ஸீட் மிஞ்சினால் நமக்கு; மிஞ்சாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. போகும்போதும் அப்படித்தான், வரும்போதும் அப்படித்தான்.

"ஜனவரி குளிர்ல யாரும்மா லண்டன் போவா? ப்ளேன் ஈயாடிண்டிருக்கும்," என்றேன். அப்பா தலையாட்டினார். முப்பது வருஷ சர்வீஸ்காரரே தலையாட்டும்போது சரியாகத்தான் இருக்கும் என்று நானும் என்னை நம்பிவிட்டேன்.

அப்போதெல்லாம் லண்டன் போக நமக்கு விசா வேண்டாம். தங்கவும் இடம் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர் அங்கே மாற்றலாகி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு இருந்தார். பாக்கி இருந்தது திட்டம் ஒன்றுதான். அதை நான் கையில் எடுத்தேன். மாட்டுங்கா நடைபாதையில் அட்டை கிழிந்த வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். புத்தகத்தில் எல்லாப் படங்களிலும் வெயில் அடித்தது. கிராஃப் தாளில் மூன்று நாளை மணிக்கணக்காக வெட்டினேன். காலை 9.10, அரண்மனை. 9.50, அரண்மனை முடிந்தது. ராஜ வம்சம் அத்தனை தலைமுறையாகக் கட்டிக் காத்ததை நாற்பது நிமிஷத்தில் தீர்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு ரயில்தான் கவலை. செம்பூரிலிருந்து லோகலில் கிளம்பி, குர்லாவில் சென்ட்ரல் லைனுக்கு மாறி, இத்தனை வருஷம் நசுங்கிய உடம்பு.

"என்ன லைன்?"

"நடுவுல சென்ட்ரல் லைன்னு ஒண்ணு பிடிக்கணும்ப்பா."

"சென்ட்ரலா! வேண்டவே வேண்டாம். குர்லாவில ஏற முடியாது."

"இது லண்டன் சென்ட்ரல் லைன்ப்பா. குர்லா கிடையாது."

"பேரு சென்ட்ரல்னா எல்லா ஊர்லயும் கூட்டந்தான்," என்று முடித்துவிட்டார். அடுத்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனில் அரண்மனை ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்று கேட்டார். பம்பாயில் உலகமே தண்டவாளத்துக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பங்குதான். மேற்கு என்று சும்மா சொல்லி வைத்தேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அம்மாவுக்கு மணிக்கொரு தரம் உட்கார இடம் வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை, இரண்டு மணிக்கொரு தரம் பிஸ்கட் வேண்டும். இரண்டையும் கிராஃப் தாளில் சிவப்பு மையால் குறித்தேன். கடைசியில் தாளில் சிவப்புதான் தெரிந்தது, லண்டனைத் தேட வேண்டியிருந்தது.

பெட்டி வாங்க தாராவிக்குப் போனோம். தோல் பெட்டிக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். "வாங்க சாமி, எங்க பயணம்?" என்றார். லண்டன் என்றதும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம பொட்டி எம்புட்டோ லண்டனுக்குப் போயிருக்கு. நாந்தான் இன்னும் இந்தப் பக்கத்துல இருக்கிற சயான் ஸ்டேஷனத் தாண்டல. திரும்பி வந்ததும் பொட்டி எப்படி உழைச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"பார்த்தேளா, அவரும் திரும்பி வரதைப் பத்தித்தான் கேக்கறார்," என்றாள் அம்மா.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி. கட்டடத்தில் சொல்ல வேண்டாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் மாடி மாமி காற்றுப் புகாத மூடி போட்ட டப்பா ஆறு கேட்டாள். புறப்படும் நாளன்று கேட் வரை வந்து கையசைத்தாள். அப்பா வீட்டிலேயே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறினார்.

சஹார் விமான நிலையத்தில், நான் ஈயாடும் என்று சொன்ன விமானத்துக்குத் திருவிழாக் கூட்டம். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணங்களுக்கும் என்று ஊர் வந்தவர்களெல்லாம் மூட்டை மூட்டையாக ஊறுகாயோடு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்புவார்கள் என்பது உலகத்தில் எங்கள் மூவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கவுன்ட்டர் பையன் அப்பாவைப் பார்த்து, "ஃபுல் ஹை அங்கிள். கல் தேகோ," என்றான். நாளைக்கு வாருங்கள் என்று இவ்வளவு மரியாதையாக ரேஷன் கடையில்கூடச் சொல்வதில்லை.

டாக்ஸி கேட்டில் நின்றபோது மாமி அதே இடத்தில்தான் இருந்தாள்.

"அதுக்குள்ள வந்தாச்சா? ராணி சௌக்கியமா?"

அப்பாவின் லீவு ஞாயிற்றுக்கிழமையோடு சரி, அதன்பின் கல்யாண வேலை. திரும்பும் நாளை நகர்த்த முடியாது. எனவே மூன்று நாள் லண்டன் இரண்டு நாள் ஆயிற்று. அன்று மத்தியானம் அருங்காட்சியகத்தை வெட்டினேன்.

"நம்மகிட்டேர்ந்து எடுத்துண்டு போனதைத்தானே வச்சிருக்கான். அதை நாம பாக்கலேன்னா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றார் அப்பா.

மறுநாளும் ஃபுல் ஹை. லண்டன் ஒரு நாள் ஆயிற்று. கோட்டை போயிற்று, ஆற்றில் படகு போயிற்று. பெரிய மணிக்கூண்டை ரயிலிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு, அது தரைக்கு மேலே ஓடும் ரயிலா என்று ஒருவருக்கும் தெரியாது. மாமி மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "இன்னிக்கு பாரிஸ் வழியா வந்தேளா? அதான் லேட்டு!" அம்மா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று படியேறினாள். இன்னும் ஒரே ஒரு காலை பாக்கி இருந்தது. அது போனால் எனக்குக் கன்னியாகுமரிதான்.

மூன்றாம் நாள் புதுப் பெட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். கவுன்ட்டர் மூடுகிற நேரத்துக்குப் பையன் எங்களைக் கூப்பிட்டு ஒற்றை விரலைக் காட்டினான். "ஏக் ஹி ஸீட் ஹை. ஜல்தி போலோ."

ஒரே ஒரு ஸீட். அப்பா அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போனார். அம்மா அதன் மேல் கையை வைத்தாள்.

"ஏறுடி."

"தனியாவா?" என்றார் அப்பா. "கல்யாணப் பொண்ணு! திரும்பி வர ஸீட் கிடைக்கலேன்னா?"

"ஒரு மாசமா இதையேதான் நான் கேட்டுண்டிருக்கேன். ஒருத்தராவது வாயைத் திறந்தேளா? இப்போ உங்களுக்குக் கேள்வி வரதா?"

"கல்யாணம்…"

"கிடைக்கலேன்னா மாப்பிள்ளை வந்து அழைச்சிண்டு வரட்டும். அவர் டிக்கெட் கன்னியாகுமரியோட நின்னுடும், அது வேற விஷயம்." பிறகு குரல் இறங்கியது. "இதோ பாருங்கோ, மூணு பேரும் மூணாவது நாளும் பெட்டியோட போய் அந்த மாமி முன்னால நிக்க என்னால ஆகாது. ஒருத்தியாவது போயிட்டு வரட்டும்."

என் பாஸ்போர்ட் அதற்குள் கவுன்ட்டர் பையன் கையில் இருந்தது. யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா குரங்குக் குல்லாயைக் கழற்றி என் கையில் திணித்தார். மூன்று நாளாக அதற்குள் அழுந்திக் கிடந்த தலைமுடி எழுந்து நின்றது. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"சென்ட்ரல் லைன்ல ஏறாதே," என்றார்.

விமானம் கிளம்பிய பிறகு கிராஃப் தாளை எடுத்தேன். அம்மா உட்காரும் இடங்களை அடித்தேன். அப்பாவின் பிஸ்கட்டுகளை அடித்தேன். அடித்து முடித்தபோது அந்த ஒரே நாளில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஒரு மாசமாக மணிக்கணக்கு போட்டவளுக்கு அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பக்கத்து ஸீட்டுக்காரர் ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். பெட்டிக்குள் அப்பாவின் வேஷ்டிகள் என்னோடு லண்டன் வந்துகொண்டிருந்தன.

திரும்பி வர எனக்கு ஒரு ஸீட் மிஞ்சியது; கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. இரண்டாம் மாடி மாமி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டப்பா ஆறும் கிடைத்துவிட்டதால் வாயைத் திறக்கவில்லை. மணப்பெண் ஏன் இப்படி விடாமல் தும்முகிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"ஹோமப் புகை," என்றாள் அம்மா.