செம்பு நிறைய உப்புத்தண்ணீர்

பிள்ளைகளே, பள்ளிக்கூட மரதன் ஓட்டத்துக்கு உப்புக் குளிசை வாங்கித் தரச்சொல்லி நீங்கள் நச்சரிப்பதால் இதை எழுதுகிறேன். அந்த மாத்திரையைத் தின்றால் வேகம் கூடிவிடாது, சாப்பாட்டில் இருக்கிற உப்பே போதும் என்று உங்கள் விளையாட்டு ஆசிரியரும் சொல்கிறார். எனக்கு அதைத் தெரியவைத்தவர் உங்கள் பெரியப்பா, என் அண்ணை. தொலைபேசியில் குரலை மட்டும் நீங்கள் கேட்டிருக்கிற அதே பெரியப்பா.

இந்திய இராணுவம் வருவதற்கு முந்திய வருடம், சித்திரை மாதத்து மரதன். உரும்பிராயிலிருந்து அச்சுவேலிச் சந்தைவரை ஓடித் திரும்பவேண்டும். அதற்கு முதல் வருடம் அண்ணை முன்னுக்கு வந்துகொண்டிருந்தபோது கோப்பாயில் கெண்டைக்கால் பிடித்து விழுந்துவிட்டார். வெற்றிக்கிண்ணம் வேறு ஊருக்குப் போயிற்று. இந்த முறை அது எங்கள் வீட்டுக்குத்தான் என்று நான் அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்து வைத்திருந்தேன்.

மாமாவுக்கும் அதே ஆசை. அவர் சவாரி மாடு வளர்ப்பவர். வண்டிச் சவாரிப் போட்டிக்கு முன் மாட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணீரில் உப்புக் கரைத்து வைப்பார்.

"வேர்வையோடை உப்புப் போகுது. போறதை உள்ளுக்கை போட்டால் கால் ஏன் பிடிக்கப்போகுது?"

"அவன் என்ன மாடே?" என்றார் அம்மா.

"மாடெண்டால் சொல்வழி கேக்கும். உவன்தான் கேக்கமாட்டான்."

அதோடு விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், வழியில் இருக்கிற சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்: எலுமிச்சம் தண்ணீரில் ஒரு துளி உப்புப் போட்டுப் ஓட்டத்தன்று வாசல் படலையில் நிற்கவேண்டும்.

அண்ணை ஓட்டத்தில் எங்கும் நிற்கிறவரல்லர். நின்றால் கால் இறுகிவிடும் என்பார். முந்திய வருடம் எங்கள் பெரியம்மா நீட்டிய செம்பைப் பார்க்காமலே ஓடியதற்கு, அவர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்று நான் மாமாவின் சைக்கிள் பாரில் இருந்தேன். அச்சுவேலியில் அண்ணைதான் முதலில் திரும்பினார். பின்னால் ஒருவரையும் காணவில்லை. நீர்வேலியில் பெரியம்மா படலையடியில் நின்றார். அண்ணை நின்றார். செம்பை வாங்கி அடிவரை குடித்தார். பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அடுத்து மாமியின் படலை. அங்கும் அப்படியே நின்றார். பிறகு சித்தப்பா வீடு.

"டேய், என்ன கலியாண வீட்டுக்கே வந்தனீ? ஓடடா!" என்று மாமா கத்தினார். அண்ணை சிரித்தார்.

கோப்பாய்ச் சந்தியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தி, குடித்ததெல்லாவற்றையும் சத்தி எடுத்தார். வேறு ஊர்ப் பெடியன்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். அண்ணை மெல்ல எழும்பி, மிச்சத் தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தார்.

அன்று பின்னேரம் எங்கள் முற்றத்தில் விசாரணை நடந்தது.

"நான் ஒரு துளிதான் போட்டனான்" என்றார் மாமி.

"நானும் துளிதான். உவள் போட மறந்திருப்பாளெண்டு பிறகு ஒரு பிடி போட்டனான்" என்று மாமியைக் காட்டிச் சொன்னார் பெரியம்மா.

கடைசியில் பார்த்தால் எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். மாமா மாட்டைத் தண்ணீருக்கு விட எழும்பிப் போய்விட்டார். நான் மட்டும் அழுதேன்.

"ஏன் அண்ணை ஒவ்வொரு வீட்டிலையும் நிண்டனீங்கள்?"

"ஆசையாய் நீட்டேக்கை எப்பிடியடா வேண்டாமெண்டுறது?" என்று என் தலையைத் தடவினார்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் அவர் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து வெளிநாடு. பயணம் மரதனுக்கு முன்பே சரிவந்திருந்தது. வெளியில் தெரிந்தால் தடைப்படும் என்று ஐயாவும் அம்மாவும் ஒருவரிடமும் மூச்சுக் காட்டவில்லை. பெரியம்மாவுக்குக்கூடச் சொல்லிக்கொண்டு போக வழியில்லை. பிறகு பெரியம்மாவும் கண்ணை மூடிவிட்டார். அண்ணை இன்னும் வரவில்லை. பனிகாலத்தில் அங்கே தெருவெல்லாம் உப்புக் கொட்டுவார்களாம். அதைக் காணும்போதெல்லாம் நீர்வேலிப் படலை ஞாபகம் வருகுது என்று போன முறை தொலைபேசியில் சொன்னார்.

அன்றைக்கு எனக்குக் கிண்ணம் போன கவலைதான். செம்பைத் திருப்பிக் கொடுத்த பிறகும், களைத்தவர் போல ஒவ்வொருவருடைய தோளையும் அவர் ஏன் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார் என்று நான் யோசிக்கவில்லை. எல்லாம் உப்பால் வந்த வினை என்றுதான் நினைத்திருந்தேன்.