தீர்த்தகிரி வாசித்த கும்பல்

உதட்டில் கவ்வியிருந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, தொண்டையை ஒருமுறை கனைத்து, கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்த தமிழ்ப் பேப்பரை விரிப்பார் தீர்த்தகிரி. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர் தையல் கடை. பெஞ்சில் இருப்பவர்கள் பஸ்ஸை மறந்துவிடுவார்கள்.

கம்பெனிச் சங்கு ஊதாத ஓசூர் அது, அறுபத்தெட்டாம் வருஷம். ஊரை எழுப்பியதே தீர்த்தகிரியின் தொண்டைதான் என்றால் பாதி உண்மை. தமிழில் ஒரு வரி. "ஏம் ராசினாரு?" என்று, என்ன எழுதியிருக்கிறான் எனக் கேட்பவருக்கு அதே வரி தெலுங்கில். தளிப் பக்கத்து ஆளுக்குக் கன்னடத்தில். மந்திரி பேச்சு வந்தால் மட்டும், "இத போன வாரமே பேசிட்டாரு" என்று தாண்டிவிடுவார். நினைத்தால் இப்போதும் அந்தக் குரலுக்கு மனசு ஏங்குகிறது.

உத்தனப்பள்ளி ராயப்பனுக்கு மிஷின் ஓரத்து இடம். இருபது வருஷ சிநேகம். மாதா கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர் சட்டை இங்கேதான் தைக்கப்படும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாளும் துணியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

தீர்த்தகிரி முழுத் தொண்டையில் வாசித்தார்: "தாலுகா ஆபீசில் கிறிஸ்தவக் கும்பல் முற்றுகை. ராயப்பன் என்பவர் தலைமையில்..." ஆகா, நம்ம ஆள் பேப்பரில் வந்துவிட்டார் என்று சந்தோஷமாக நிமிர்ந்தால், மிஷின் ஓரம் காலி. துணி கிடந்தது. அளவு கொடுக்காமலே ராயப்பன் போய்விட்டார்.

தீர்த்தகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் ராயப்பனின் பக்கத்து நிலத்துக்காரர் முனிராஜ் வந்துதான் விளக்கினார்.

"குடிக்கத் தண்ணி இல்ல, கெணறு வெட்டிக் குடுங்கன்னு மனு குடுக்கப் போனோம். நாப்பது பேரு. அதுல கிறிஸ்தவங்க ஒம்போது பேரு. முன்னால நின்னவன் பேரு ராயப்பன்னதும் பேப்பர்காரன் எல்லாரையும் கிறிஸ்தவனாக்கிட்டான். நான் எப்பப்பா ஞானஸ்நானம் வாங்கினேன்?"

"அதுக்கு எதுக்கு அவன் கோச்சிக்கணும்?"

"கும்பல்னு படிச்சியே. கோயிலுக்குப் போனா பக்தர்கள்னு போடறான். தண்ணி கேட்டா கும்பலா? திருடனத்தான் கும்பல்னு சொல்லுவாங்க. கண்டக்டரு அவனப் பாத்து, 'கும்பல் வருது, வழி விடு'ங்கறான். பஸ்ஸே சிரிக்குது."

தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அதில் நாலு பேர் கூடி நின்றாலே கும்ப்பு. கல்யாண வீட்டிலும் கும்ப்புதான். கும்பலையும் அந்த வகையில் சேர்த்துத்தான் அத்தனை சத்தமாக வாசித்திருந்தார்.

சொல்லி அனுப்பினார். ராயப்பன் வரவில்லை. பழைய அளவு நோட்டில் இருந்தது, தைத்துவிடலாம்; மனம் வரவில்லை. துணியைத் தினமும் உதறி மடித்து அதே இடத்தில் வைப்பார். கிறிஸ்துமஸ் போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. வாசிப்பு மட்டும் மாறிவிட்டது. அச்சில் உள்ளதை முதலில் கண்ணால் படித்துவிட்டு அப்புறம்தான் வாயைத் திறப்பார். பெஞ்சுக்காரர்களுக்கு அந்தத் தாமதம் பிடிக்கவில்லை.

பங்குனியும் போய், ஒரு சித்திரைக் காலையில் அவர் முதுகுக்குப் பின்னால் ராயப்பன் வந்து நின்றார். மிஷன் பள்ளியில் படித்தவர்; தோளுக்கு மேலாகப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ தூரத்து ஊர்ச் செய்தி. 'முஸ்லிம் கும்பல் மறியல்' என்று கொட்டை எழுத்து.

வந்திருப்பதை அறியாமல் தீர்த்தகிரி வாசித்தார்: "ரோடு கேட்டு ஊர் ஜனங்க மறியல் பண்ணாங்க."

"அப்பிடியா போட்டிருக்கான்?"

குரல் கேட்டுத் திரும்பிய தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் எப்பிடியோ போடட்டும் ராயப்பா. நான் அப்பிடித்தான் படிக்கறேன்."

ராயப்பன் தோள் துண்டை எடுத்துப் பெஞ்சில் போட்டார். இரண்டு கைகளையும் விரித்து, அளவு எடுக்க வாகாக நின்றார்.

தீர்த்தகிரி அளவு நாடாவை மிஷின் மேலும் கீழும் தேடினார். அது அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.