ரஸிய்யா தத்தா பார்த்துக் கொடுத்த அறை

எங்கள் மாடிப்படியில் யார் செருப்பையும் மிதிக்காமல் ஏற முடிந்தது என்றால், அன்றைக்கு ரஸிய்யாவின் தீவிலிருந்து படகு வரவில்லை என்று அர்த்தம். அவள் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டே அறை உள்ள அந்த வீட்டில் அவள் தனியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வந்தவர், கண் ஆபரேஷனுக்கு வந்தவர், பரீட்சை எழுத வந்த பெண், அந்தப் பெண்ணுக்குத் துணை என்று சும்மா வந்த அத்தை, இப்படி யாராவது எப்போதும் இருப்பார்கள். காலையில் நான் குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும்.

"இது வீடா, தோணியா?" என்று மேலிருந்தே கத்துவேன்.

"தோணியில இத்தனை பேரை ஏத்த விடமாட்டாங்க நுஸ்ஹா," என்பாள் கீழிருந்து. அப்புறம் படியேறி வந்து, யாரோ கொண்டுவந்த மாசிக் கருவாட்டில் ஒரு துண்டை என் கையில் திணிப்பாள். அதோடு என் வாய் அடைத்துவிடும். மாசியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட என்னால் முடியாது.

அவளுக்கு வேலை ஒரு பலகாரக் கடையின் சமையற்கட்டில், சமோசா மாதிரி மீன் வைத்துப் பஜியா மடிப்பது. விடியற்காலையில் போனால் பத்து மணிக்கு முடிந்துவிடும். ஆனால் மாலத்தீவுத் தலைநகரமான இந்த மாலேயில் அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலையே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் துறைமுகத்தில் நிற்கிற ரஸிய்யா தத்தாதான். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் தத்தா, அதாவது அக்கா.

படகு கட்டுவதற்கு முன்பே போய் நின்றுகொள்வாள். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். முழங்காலில் கையை ஊன்றி இறங்கினால் கீழ்த்தள வீடு. மூட்டையை யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினால் கூட்டம் இல்லாத வீடு. கால் வைப்பதற்கு முன்பே சத்தமாக ஸலாம் சொல்கிறவரைப் பிள்ளைகள் நிறைய இருக்கிற வீட்டுக்கு அனுப்புவாள். அவள் தீவுக்காரர்களின் வீடு இந்த ஊரில் எந்தச் சந்தில், எத்தனையாவது மாடியில், கழிப்பறை உள்ளேயா வெளியேயா, யாருக்கும் யாருக்கும் தென்னந்தோப்புத் தகராறு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கேயும் இடம் இல்லாதவர்களைத்தான் தன் வீட்டுக்குக் கூட்டிவருவாள்.

"உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? படுக்க எடம் கிடைச்சா போதாதா அவங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆஸ்பத்திரில மருந்து குடுப்பாங்க. தூக்கத்த யாரு குடுக்கறது?" என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவளே ஒருமுறை சொன்னாள், ஒரே ஒருமுறைதான். கல்யாணமான புதிதில் அவளும் அவள் புருஷன் முஃபீதும் பிரசவத்துக்காக மாலேக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பேசி வைத்திருந்தார்கள். ஆனால் துறைமுகத்தில் முஃபீதின் மாமா வந்து நின்றார். அவர் வீடு எதிர்த் தீவில், நடுவில் கடல். சொந்தக்காரன் வீடு இருக்கும்போது வெளியில் தங்குவது, ஊர் பார்க்க அவனைக் கன்னத்தில் அறைகிற மாதிரி. எங்கள் தீவுகளில் யாருக்கும் அந்தத் தைரியம் வராது. போனார்கள். வலி எடுத்த அன்று கடல் கொந்தளித்ததால் படகை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. "மாமா எங்கள இழுத்துட்டுப் போகல நுஸ்ஹா. நாங்க ரெண்டு பேருந்தான் தலைய ஆட்டினோம்," என்றாள்.

அதற்குப் பிறகு விலகினார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி கட்டிக்கொண்டார்கள். மறுபடியும் விலகினார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயமில்லை, என் சொந்த அத்தை ஒரே ஆளை மூன்று முறை கட்டியவள். ஆனால் இவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் பிரிந்தவர்கள். முஃபீத் பிறகு லத்தீஃபா என்ற வடக்குத் தீவுப் பெண்ணைக் கட்டினான். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்கு நேர் எதிரே கீழ்த்தளத்தில் வீடு. அதில் தெருவைப் பார்த்த அறை ஒன்றில் படகு எஞ்சின் சாமான்களைப் போட்டு வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு அதைவிடப் பக்கமான அறை இந்த மாலேயிலேயே கிடையாது. ரஸிய்யா ஒரு ஆளைக்கூட அங்கே அனுப்பியதில்லை. அந்தத் தெருவழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவாள்.

இனாஷா வந்தது அப்படிப்பட்ட நேரத்தில்தான். இருபத்தைந்து வயது இருக்கும், எட்டு மாத வயிறு. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. வலி எடுத்த உடனே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், தாமதம் ஆகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருஷன் நாஜிஹ் சூரை மீன் பிடிக்கக் கடலில் இருந்தான். அவள் படகிலிருந்து காலை எடுத்து வைத்ததைப் பார்த்ததுமே ரஸிய்யா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அன்றைக்கு நானும் ஈரப்பலா வாங்க அங்கே போயிருந்தேன்.

"கீழ்த்தளம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல," என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆனால் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றிருந்தது. நாஜிஹின் அண்ணன் ஷவ்கத். அரசாங்க உத்தியோகம், தேய்த்த சட்டை, பாலத்துக்கு அந்தப்பக்கம் ஹுல்ஹுமாலேயில் பெரிய வீடு.

"ஏசி போட்டு ரூம் ரெடியா இருக்கு. தனி பாத்ரூம். தத்தா, நீங்க சிரமப்பட வேணாம்," என்றான்.

"உன் வீட்டுல என்ன குறை ஷவ்கத்? ஒரு குறையும் இல்ல. நடுவுல பாலம் இருக்குல்ல, அதுதான்."

"கார்ல வந்தா பத்து நிமிஷம்."

"கார் இருக்கறப்போ, மழை பெய்யாதப்போ, நீ ஆபீஸ்ல இல்லாதப்போ பத்து நிமிஷம்." ரஸிய்யா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு புள்ள. நீ எங்க இருக்கணும்?"

இனாஷா தரையைப் பார்த்தாள். "பேபே வந்து கூப்பிடறப்போ எப்படி தத்தா மாட்டேன்னு சொல்றது?" என்றாள். மூத்தவனை அண்ணன் என்று அழைக்கிற அந்தப் 'பேபே'யைச் சொல்லும்போதே அவள் குரல் அடங்கிவிட்டது. வண்டி ஏறிப் போய்விட்டாள்.

ரஸிய்யா அங்கேயே நின்றாள். அடுத்து இறங்கிய முதியவர் ஒருவர் ஸலாம் சொன்னது அவள் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"உங்க ஊரு ஆளுங்களுக்கு மரியாதை பெருசா, பிள்ளை பெருசா?" என்றேன்.

"எனக்குக்கூட அன்னிக்கு மரியாதைதானே பெருசா இருந்துச்சு," என்றாள்.

மறுநாள் பஜியா வேலை முடிந்ததும் மாவுக் கையோடு என்னைக் கூப்பிட்டாள். "என்கூட வா. தனியா போனா திரும்பி வந்துடுவேன்." எங்கே என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும்தான் எனக்குப் புரிந்தது, முஃபீதின் வீட்டுக்கு.

லத்தீஃபாதான் கதவைத் திறந்தாள். ரஸிய்யாவை அடையாளம் தெரிந்துகொண்டாள், முகம் சுருங்கிவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியுமா? புருஷனை இரண்டு முறை கட்டியவள் மூன்றாவது முறையாக வாசலில் நிற்கிறாள்.

"என்ன வேணும்?"

"உன்கிட்டதான் கேக்க வந்தேன், அவருகிட்ட இல்ல. ஒரு மாசத்துக்கு அந்த ரோட்டோர ரூம் வேணும்."

"உங்களுக்கா?"

"அட, எனக்கு எதுக்கும்மா? பிரசவத்துக்கு வந்திருக்கிற பொண்ணுக்கு. ரெண்டு தங்கல. இப்போ பாலத்துக்கு அந்தப்பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல இருக்கு."

உள்ளே எஞ்சின் பாகம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த முஃபீதுக்குக் கடைசி வார்த்தைகள் கேட்டுவிட்டன. எழுந்து வந்தான். தலை நரைத்திருந்தது. ரஸிய்யாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்த அறைக்குள் போய் சாமான்களைத் தூக்கி வெளியே வைக்க ஆரம்பித்தான். நட்டு, போல்ட்டு, துடுப்புச் சக்கரம் எல்லாம் நடைபாதைக்கு வந்தன. லத்தீஃபா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அவளுக்கும் பழைய கதை தெரியும் போல. பழைய துணி ஒன்றைக் கிழித்து ஜன்னல் துடைக்க உள்ளே போனாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் அறைக்குள்ளிருந்து. "நான் பிரசவம் பாத்ததில்ல. பொண்ணு கூட நீங்களும் வந்து படுக்கணும்."

முன்னாள் புருஷன் வீட்டில் போய்ப் படுப்பதா! துறைமுகம் முழுக்க வாயில் போட்டு மெல்லும். நான் ரஸிய்யாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை உதறிவிட்டு, "தலகாணி எடுத்துட்டு வரேன்," என்றாள்.

அடுத்தது ஹுல்ஹுமாலே. ஷவ்கத் வீட்டில் அவன் மனைவி, வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "எங்க வீட்ட விட நல்ல எடமா அது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், நல்ல பதிலாகவே வைத்திருந்தேன். ரஸிய்யா என் காலை மிதித்துவிட்டு ஷவ்கத்திடம் பேசினாள்.

"ஷவ்கத், ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல ரூம் கிடைக்கிறது சாதாரண விஷயமா? நீதான் அலைஞ்சு தேடிக் குடுத்தேன்னு நான் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். நாஜிஹ் கடல்ல நிம்மதியா இருப்பான்."

ஷவ்கத் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். "அண்ணன்னு இருந்தா செய்யணும்ல," என்றான். அன்றைக்கே தன் வண்டியில் அவனே கொண்டுவந்து விட்டான். சாயங்காலத்துக்குள் தீவு முழுக்க ஷவ்கத்தின் புகழ்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ போய்க் கதவைத் தட்டினே, பேரு அவனுக்கா?"

"பேர வச்சு நான் என்ன பண்ண? பொண்ணு இந்தப் பக்கம் வந்துடுச்சுல்ல." இப்படிப்பட்டவளிடம் என்னதான் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

ரஸிய்யா இனாஷாவோடு அந்த அறையில் படுக்க ஆரம்பித்து மூன்றாவது வெள்ளிக்கிழமை. கருதியா மீன்சாறும் சோறும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வானம் கறுத்து மழை கொட்டியது. தொழுகைக்கு அழைப்பு வந்ததும் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. டாக்ஸி ஒன்றுகூட இல்லை, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் இந்த ஊரில் பூனைகூட ரோட்டில் இருக்காது. சோற்றைத் தட்டில் போடும்போது இனாஷா சுவரைப் பிடித்துக்கொண்டு, "தத்தா," என்றாள். கீழே தரை நனைந்திருந்தது.

ரஸிய்யா ஒரு பக்கம், லத்தீஃபா ஒரு பக்கம். நான் குடையைப் பிடித்தேன், அது யாரையும் நனையாமல் காப்பாற்றவில்லை. தெருவைக் கடந்தோம், அவ்வளவுதான் தூரம். அங்கே நர்ஸ் அவளைப் பார்த்த மாத்திரத்தில் ஓடினாள். பிள்ளையின் கழுத்தைக் கொடி சுற்றியிருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்திருந்தால் என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் மட்டும் தனியாக ஒரு மூலைக்குப் போய் அழுதேன்.

பெண் குழந்தை. ரஸிய்யா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், கீழே இறங்கினாள். லத்தீஃபாவும் நானும் பின்னாலேயே போனோம். எதிர்ப்பக்கம் வாசற்படியில், பள்ளிவாசலிலிருந்து வந்த அதே வெள்ளைச் சட்டையோடு முஃபீத் நனைந்துகொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. அவனால் வர முடியவில்லை.

ரஸிய்யா தெருவைக் கடந்து அவன் முன்னால் நின்றாள்.

"அழுதுச்சா?" என்று கேட்டான்.

"அழுதுச்சு. நல்லா சத்தமா அழுதுச்சு."

முஃபீத் ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வயதான மனிதன், தோள் குலுங்கக் குலுங்க அழுதான். ரஸிய்யாவும் உட்கார்ந்தாள், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் அவர்களிடம் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். லத்தீஃபா என் கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக வீட்டுக்குள் இழுத்தாள்.

"வா நுஸ்ஹா, டீ போடலாம்," என்றாள். "அவங்க பிள்ளைக்கு அவங்க அழட்டும்."