அரிசி டிரம்மில் ஒரு குப்பி வெட்டிவேர் அத்தர்

ராஜகிரியில் அத்தர்க்கார சைபுல்லா என்றால் தெரியாதவர் இல்லை. பெரிய தெரு மீராசா ராவுத்தரின் மூத்த மகன். மனைவி ஜெய்னம்பு பண்டாரவாடைக்காரி, சைபுல்லாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள். பிள்ளை இல்லை. அந்த வீட்டில் இருந்ததெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் அத்தர் குப்பிகளும்தான்.

மல்லிகை, ரோஜா அத்தரெல்லாம் வடக்கேயிருந்து வரவழைத்து, சின்னக் குப்பிகளில் ஊற்றி விற்பார். வெட்டிவேர் மட்டும் அவர் கையால் இறக்கியது. கடற்கரை மணலில் விளைந்த வேரை ஊறப்போட்டு, கொல்லையில் செம்புப் பானையில் ஏற்றி, மூடியைக் களிமண் பூசி அடைப்பார். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த ஒரு குடத்துக்குள் இறங்கும். குடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். ஆவி குளிர்ந்து நீராகும், மணத்தை எண்ணெய் குடித்துக்கொள்ளும். நீரை வடித்துவிட்டு, மறுநாள் புது வேர் போட்டு அதே எண்ணெயில் இறக்குவார். அடுப்பு ஜெய்னம்புவின் பொறுப்பு. தீ கொஞ்சம் தூக்கினாலும் மணத்தில் கருகல் ஏறிவிடும்.

"மணம் பாக்கணும்னா மூக்கைக் கழுவணும் புள்ள" என்று சொல்லி, சைபுல்லா அடிக்கடி குடமுருட்டி ஆற்றங்கரைக்குப் போய் வயல்காற்றை இழுத்துவிட்டு வருவார். அவள் போனதில்லை. அடுப்பை யார் பார்ப்பது? வருஷக்கணக்காக அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் அவள் மூக்கு அத்தருக்கு மரத்துப் போயிருந்தது. அது அவளுக்குத் தெரியவும் தெரியாது.

திருத்துறைப்பூண்டிக்குக் கடைகளுக்கு அத்தர் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அவர் இறக்கிய வெட்டிவேர் அத்தரைத்தான் அவர் உடலில் சுற்றிய கபன் துணியிலும் தடவினார்கள்.

கணவன் மவுத்தானால் மனைவி நான்கு மாதத்துக்கு மேல் இத்தா இருப்பாள். வெளியே போகமாட்டாள், வாசனை பூசமாட்டாள். கும்பகோணத்தில் கடை வைத்திருக்கும் கொழுந்தன் ஃபாஜில் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான்.

"மச்சி, இத்தாவுல வாசனை ஆகாது. குப்பியெல்லாம் கடைக்குக் கொண்டு போயிடுறேன். எல்லாத்தையும் எடுத்து வச்சிடுங்க."

எடுத்து வைத்தாள். ஒன்றைத் தவிர. அவர் கையால் கடைசியாக இறக்கிய வெட்டிவேரில் மிஞ்சியது அந்த ஒரு குப்பிதான். கடைக்குப் போன குப்பி திரும்பியா வரும்? அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தாள். பூசப் போவதில்லை, அது வீட்டில் இருந்தால் போதும். துக்கம் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஓதினார்கள், போனார்கள். பிறகு அவர்களும் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம், சைபுல்லாவின் சின்னம்மா ராபியத்து வந்தாள்.

"என்ன புள்ள, பிரியாணியா ஆக்கியிருக்கே? தெருமுனையிலேயே தூக்குது."

"வெறும் சோறும் முருங்கைக்கா ஆணமும்தான் மாமி."

ராபியத்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"சோத்துல சைபுல்லா வாசம் அடிக்குதுடி."

ஜெய்னம்பு தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒன்னும் தெரியலையே மாமி."

கிழவி எழுந்து போய் டிரம்மைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். குப்பி வந்தது. மூடி தளர்ந்து, பாதி அரிசியில் இறங்கியிருந்தது.

"கள்ளி! ஒளிச்சு வைக்க வேற சாமான் கெடைக்கலையா ஒனக்கு?"

ஜெய்னம்பு அதைப் பிடுங்கி மூக்கோடு வைத்து இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

"வந்தவுங்க எல்லாருக்கும் அவுங்க வாசம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை மாமி."

ராபியத்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது வீட்டுல கெடக்குற வரைக்கும் தெரியாது புள்ள. அவன் எதுக்கு ஆத்தங்கரைக்கு ஓடுனான்? என்கிட்ட குடு. இத்தா முடியட்டும், மூக்கு தெளியட்டும். நானே கொண்டாந்து தரேன்."

"யாருக்கும் குடுத்துட மாட்டீங்களே?"

"என்னைத் தேடி யாருடி வர்றா, அத்தர் கேக்க?"

ஜெய்னம்புவின் விரல்கள் சீக்கிரம் விடவில்லை. பிறகு விட்டன. கிழவி குப்பியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஜெய்னம்பு அரிசியை வெயிலில் பரப்பினாள். ஜன்னல்களைத் திறந்து போட்டாள்.

சில நாள் கழித்து, விடியற்காலை சுபுஹு தொழுது முடித்த நேரம். கனமாக, கொஞ்சம் புளிப்பாக ஒரு வாடை வந்து அவள் மூக்கில் மோதியது. ஏதோ தீய்கிறது என்று பதறி அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. வாடை கொல்லைப் பக்கமிருந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில்லில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இருந்த மில். அந்த வாடை அவள் மூக்குக்கு எட்டி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"ஏங்க, நெல்லு அவிக்கிறாங்க போல" என்று திரும்பினாள்.

கூடத்தில் பாய் மட்டும் விரித்தபடி இருந்தது. கொல்லைக் கதவில் சாய்ந்து அந்த வாடையையே இழுத்துக்கொண்டு நின்றாள். இத்தா முடிய இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது.