கிழக்கே கால் நீட்டி

கோவையாக எழுத எனக்கு வராது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு, மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். வருடம் ஐம்பத்தெட்டாக இருக்கலாம்.

பொன்மலையில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, விடியலில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதவில்லை. வழியில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி வெளிச்சம், பாட்டுச் சத்தம். கேட் ஓரமாக ஒரு பெண் சின்னக் கல்லறை ஒன்றின் மேல் சம்பங்கி தூவுகிறாள். என் கால் தானாக நின்றுவிடுகிறது.

"என்ன விசேஷங்க?"

"ஈஸ்டருங்க. ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். எங்க பையனும் ஒருநாள் எழுந்திருப்பான். அவரு கிழக்கேருந்து வருவாரு, எழுந்ததும் அவரைப் பாக்கணும்னு காலைக் கிழக்க நீட்டிப் படுக்க வச்சிருக்கோம்."

வெளியூர் போன பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்கிறாள். யாரிடமும் வாய் திறக்காத நான் கேட்டுவிடுகிறேன்.

"எம் பொண்ணு தையில போயிட்டாங்க. மூணு வயசு. உப்பிலியபுரத்துல தெக்க தலை வச்சுப் புதைச்சோம். அவ எழுந்தா வடக்கயில்ல பாப்பா?"

அவள் சிரிக்கவில்லை. "பேரு என்னங்க?"

"செல்லம்மா."

"பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டாளா?"

"ஒரு தரம் கூப்பிட்டா காதுலயே போட்டுக்க மாட்டாளே!"

"அவரு ரெண்டாந்தரமும் கூப்பிடுவாருங்க."

ஒரு கை சம்பங்கியை அள்ளி என் மடியில் போடுகிறாள். நான் ஸ்ரீரங்கம் போகவில்லை, பூவோடு உப்பிலியபுரம் பஸ்ஸில் ஏறுகிறேன்.

அவர்கள் காலைக் கிழக்கேதான் நீட்டுவார்களா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். மகள் பெயரில் மட்டும் தப்பில்லை.