ஆடியைத் தாண்டிய கணினிகள்

பெண் வீட்டார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வேலை பெர்மனென்டா தம்பி?"

பெண்ணின் அப்பா பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆயுள் முழுக்க அரசாங்கச் சம்பளம் வாங்கியவருக்கு, வேலை நிரந்தரமில்லாதவன் பாதி மனிதன். "ஆவணிக்குள்ள ஆயிரும் சார்" என்றேன். "அப்ப ஆவணியிலயே பேசிக்கிடுவோம்" என்றார். காபி கொண்டுவந்த பெண் அப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்காக ஒருத்தி கோபப்பட்டது அதுதான் முதல்தடவை. அந்த நிமிடமே மனதுக்குள் பத்திரிகை அடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருநெல்வேலி ஜங்ஷனில் உரமும் விதையும் மொத்த வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தில் நான் கம்ப்யூட்டர் ஆள். தற்காலிகம். சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், குலசேகரன்பட்டினம் என்று அவர்களுக்குக் கிளைகள் உண்டு. சென்னையில் ஏதோ பெரிய கம்பெனிக்குப் போய்வந்த முதலாளி, அங்கே எந்தக் கம்ப்யூட்டரில் பிரௌசரைத் திறந்தாலும் அந்தக் கம்பெனியின் பெயரும் சின்னமும் வருவதைப் பார்த்துவிட்டார். நமக்கும் அப்படி வேண்டும் என்றார். கிளைகளில் இன்டர்நெட்டே கிடையாதே என்றேன்.

"அது வாரப்ப வரட்டும்வே. மொதல்ல நம்ம பேரு வரட்டும்."

நிறுவனத்தின் பெயரைப் பிரௌசரின் மேலே போட்டு, மூலையில் சுற்றும் உலக உருண்டையை எடுத்துவிட்டு முதலாளியின் காலஞ்சென்ற தகப்பனார் படத்தை வைப்பது என்று முடிவாயிற்று. முதல் மாதிரியில் உருண்டைக்குப் பதிலாகப் பெரியவரே சுற்றினார். "எங்க அப்பாவ ஏம்லே ராட்டினம் சுத்த விடுதே?" என்று முதலாளி சத்தம்போட்டதில் கடையில் யூரியா வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிரௌசரைச் செய்துகொடுத்த சென்னைக்காரர்கள் பெரியவரை அசையாமல் உட்காரவைத்தார்கள். அதன் சோதனைப் பதிப்பை சி.டி.யில் வாங்கிவர நானே சென்னைக்குப் போனேன். ஆகஸ்டு கடைசியோடு அது தானாக நின்றுவிடும், முதலாளி பார்த்துச் சரி சொன்னால் நிரந்தரப் பதிப்பு தருவோம் என்றார்கள். அப்போது ஜூலைதான். எல்லாக் கிளையிலும் இது ஓடிவிட்டால் உன் வேலையும் நிரந்தரம் என்று முதலாளியும் சொல்லியிருந்தார்.

நான் சென்னையில் இருந்த வாரத்தில் கிளைகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. தலைமை அலுவலகத்துப் பழைய மிஷினில் பிரௌசரை ஏற்றினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி பெரியவர் உட்கார்ந்தார். அதே சி.டி.யைக் கிளைகளுக்குக் கொண்டுபோனேன். எல்லா இடத்திலும் பெரியவர் ஒரு கணம் தெரிந்தார், உடனே பிரௌசர் மூடிக்கொண்டது. பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட வரவில்லை.

சென்னைக்குப் போன் போட்டேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்றார்கள். ஏற்றினேன். அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். மிஷின் கோளாறு என்றார்கள். மிஷின் விற்றவன் பிரௌசர் கோளாறு என்றான். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், கோளாறு என்னிடம்தான் என்பது.

கிளைகளில் அதற்குள் வேறு விளக்கம் பிறந்துவிட்டது. "பெரிய மொதலாளி எட்டிப் பாக்காரு, போயிருதாரு. இந்தக் கட வரவு செலவு அவருக்கும் தெரிஞ்சிபோச்சி போல" என்றார் ஸ்ரீவைகுண்டம் மேனேஜர். சேரன்மகாதேவி மேனேஜர் பெரியவர் தெரியும்போதெல்லாம் எழுந்து நின்றார். அவர் எழுவதற்குள் பெரியவர் போய்விடுவார். குலசேகரன்பட்டினத்தில் மானிட்டருக்கு முன்னால் சூடம் கொளுத்தியிருந்தார்கள். விசைப்பலகையில் பாதி எழுத்துகளின் மேல் திருநீறு.

எனக்கு அழுகை வந்தது. ஆடி நகர்ந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் ஒருத்தர் ஆவணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில்தான் விஷயம் பிடிபட்டது. சலித்துப்போய் மவுசைத் தள்ளிவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். அம்புக்குறி திரையின் கீழ்மூலையில், கடிகாரத்தின் மேல் போய் நின்றது. அங்கே மணி மட்டும்தான் எப்போதும் தெரியும், மேலே அம்புக்குறி நின்றால்தான் தேதி தெரியும். மணி மிகச் சரியாக இருந்தது. மாதம் செப்டம்பர் என்றிருந்தது.

ஊருக்கு ஆடி, மிஷினுக்கு ஆவணி. ஆகஸ்டோடு நின்றுபோக வேண்டிய பிரௌசர், செப்டம்பரைப் பார்த்ததும் ஒழுங்காக நின்றுபோயிருக்கிறது.

மிஷின்களில் தேதியை முன்னே தள்ளிவைத்தவர் எங்கள் தலைமைக் கணக்கர். கேட்டதும் பெருமையோடு ஒத்துக்கொண்டார். "ஆடியில போயி புது மிஷின தொடங்குவாவளாவே? ஆவணியில நல்ல முகூர்த்தமாப் பாத்து தேதி வச்சித் தொடங்கினோம்." விதை மட்டும் ஆடியில்தானே அண்ணாச்சி விற்கிறோம் என்றேன். "விதை வேற, மிஷினு வேற" என்றார். பில்லும் பேரேடும் இன்னும் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தோம், அதனால் கம்ப்யூட்டர் எந்த மாதத்தில் வாழ்கிறது என்று கவலைப்பட யாருமில்லை.

தேதியைத் திருத்துவோம் என்றேன். நான் ஏதோ அபசகுனமாகப் பேசிவிட்டது போலப் பார்த்தார். "நல்ல நேரத்துல தொடங்குன காரியத்தத் திரும்ப ஆடிக்கு இழுத்துட்டு வரச் சொல்லுதீரு. நீரு நல்லா இருப்பீரா?"

சென்னையில் பிரௌசரின் காலாவதித் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டேன். முதலில் உங்கள் முதலாளி இதைப் பார்த்துச் சரி சொல்லட்டும் என்றார்கள். முதலாளியோ, முதலில் இது கிளைகளில் ஓடட்டும், பிறகு சரி சொல்கிறேன் என்றார். சேரன்மகாதேவியில் யாரும் பார்க்காதபோது தேதியை மாற்றிப் பார்த்தேன். நான் பஸ் பிடித்து ஜங்ஷனில் இறங்குவதற்குள் புகார் வந்து சேர்ந்துவிட்டது. கணக்கர் போனிலேயே சொல்லிக்கொடுத்து மறுபடி ஆவணிக்கு ஏற்றிவிட்டிருந்தார். நேராக முதலாளியிடமே போய், காலாவதி தேதி தாண்டிவிட்டது அண்ணாச்சி, அதனால்தான் ஓடவில்லை என்றேன்.

"எங்க அப்பாவுக்கு எவம்லே காலாவதி தேதி போட்டது?" என்றார்.

அதற்குமேல் அங்கே கம்ப்யூட்டர் பேசிப் பயனில்லை என்று புரிந்தது. மறுநாள் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனேன். கணக்கரும் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணாச்சி, ஊருக்கு ஆடி அமாவாச இனிமேதான் வருது. ஆனா மிஷினு அதத் தாண்டி ஆவணிக்குத் தாவிட்டு. வருசத்துக்கு ஒருநாள் எள்ளும் தண்ணியும் எறைக்கணும், அந்த நாளே அங்கன இல்ல. பெரிய ஐயா எப்படி இருப்பாரு? வாராரு, பாக்காரு, போயிருதாரு."

முதலாளியின் கண் கலங்கியது.  ஆடி அமாவாசை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பஞ்சாங்கத்திலும் கணக்கருக்கு இடமில்லை.

அன்றே எல்லாக் கிளைகளுக்கும் போன் பறந்தது. மிஷின்கள் மொத்தமாக ஆடிக்குத் திரும்பின. அமாவாசையன்று காலையில் முதலாளி குறுக்குத்துறை ஆற்றில் முங்கி எழுந்து, தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈரத் தலையோடு அலுவலகம் வந்தார். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் பிரௌசரைத் திறந்தார்கள். பெரியவர் வந்தார், உட்கார்ந்தார், போகவே இல்லை. கிளைகளிலிருந்து ஒவ்வொருத்தராகப் போனில் சொல்லச் சொல்ல முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது அப்பா. எனக்குத் தெரிந்தது பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபம்.

சாயங்காலம் அவரிடம் போய் நின்றேன். "அண்ணாச்சி, என் வேலை விஷயம்..."

"எந்த வேல?"

"கம்ப்யூட்டர் ரிப்பேரு... பெர்மனென்ட்..."

"இதுல ரிப்பேரு என்னவே இருக்கு? திதி விட்டுப்போச்சின்னு நீருதானே சொன்னீரு? இதுக்குப் பஞ்சாங்கம் தெரிஞ்ச ஆளு வேணும். எல்லா மிஷினையும் இனிமே கணக்கரே பாத்துக்கிடுவாரு. நீரு நல்ல பையன், வேற எங்கனயாவது பாரும்."

கணக்கர் பக்கத்தில் நின்று பணிவாகத் தலையாட்டினார்.

ஆகஸ்டு முடிந்ததும் பெரியவர் மறுபடி கிளம்பிவிட்டாராம். நிரந்தரப் பதிப்பை வாங்க யாருக்கும் தோன்றவில்லை. கணக்கர் கொஞ்சமும் தயங்காமல் எல்லா மிஷினையும் ஆடி அமாவாசைக்குத் திருப்பி வைத்தார். பிறகு மாதாமாதம் அதுவே வழக்கமாயிற்று. ஆடியில் தொடங்க மாட்டோம் என்றவர்கள் கடைசிவரை ஆடியிலேயே வியாபாரம் செய்தார்கள்.

சொன்ன வாக்குப்படி ஆவணியில் பாளையங்கோட்டைக்குப் போனேன். பெண்ணின் அப்பா அதே நாற்காலியில் இருந்தார். மறைப்பானேன் என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். பெரியவர் ராட்டினம் சுற்றியது, சூடம், எள்ளுந்தண்ணீர் எல்லாம். உள்ளே கதவுக்குப் பின்னால் அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். அவ்வளவு அழகான சிரிப்பை அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்பதற்காக, சேரன்மகாதேவி மேனேஜர் எழுந்து எழுந்து உட்கார்ந்ததை இரண்டாவது முறையும் சொன்னேன்.

அவள் அப்பா சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "அப்ப பெர்மனென்ட் ஆகல" என்றார்.

ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மின்வாரியத்தில் பெர்மனென்ட்.