குட்டியம்மா அக்கா மரவள்ளி சாப்பிட்டார்

குட்டியம்மா அக்கா இறந்துவிட்டார். காலையில் எழுந்ததும் சரசு ஆண்ட்டியின் வாய்ஸ் மெசேஜ்.

பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்து வந்திருக்கிறேன், ஷெஃபீல்டில் மாமா வீட்டில். கடைசியாக முகம் பார்க்கக்கூட வர முடியாது…

மலேசியாவில், லாபுவில் எங்கள் எஸ்டேட் முச்சந்தியில் வடை வாங்கியவர்களுக்கு அக்காவைத் தெரியும். மருமகள் சரசு ஆண்ட்டி வடை சுடுவார். தொண்ணூறைத் தாண்டிய அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே குறை சொல்வார்.

சின்ன வயதில் ஒருமுறை, "பாட்டி, ரெண்டு வடை" என்று கேட்டுவிட்டேன்.

"பாட்டி ஒங்க வீட்டுல இருப்பா. அவகிட்டப் போயி கேளு."

அன்றிலிருந்து எனக்கும் அக்காதான். என் அம்மாவுக்கும் அக்காதான்.

அந்தக் கடையில் வடை உண்டு, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் உண்டு. மரவள்ளிக்கிழங்கு மட்டும் கிடையாது. லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் விடாமல் கேட்பார். "யக்கா, மரவள்ளி பொரிச்சுப் போடுங்க. நல்லா ஓடும்லா."

"மொதல்ல நீ ஓடு."

நான் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பவள். பால் டின், மருந்துப் பாட்டில், எதையும் விடமாட்டேன். போன வருடம் ஒருநாள் அக்கா கையிலிருந்த கத்தியைப் படித்தேன். வளைந்த சின்னக் கத்தி. தேய்ந்துபோன ஆங்கில எழுத்தில் ஷெஃபீல்ட், இங்கிலாந்து என்று இருந்தது.

"அக்கா! இது எங்க மாமா வேல செய்யிற ஊரு!"

அவர் நறுக்குவதை நிறுத்தினார். "அது தொரசானி ஊருடி."

அப்புறம்தான் சொன்னார். ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அவர் அப்பா எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் தோட்டக்காரர். துரை குடும்பம் அவசரமாகக் கிளம்பியபோது, துரைசானி இந்தக் கத்தியை அப்பாவிடம் கொடுத்து, தான் திரும்பி வரும்வரை ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்பாவும் வாக்குக் கொடுத்தார்.

சில மாதத்தில் ஜப்பான்காரனின் உத்தரவு வந்தது. பூவை எடு, மரவள்ளி போடு.

அப்பா அந்தக் கத்தியாலேயே செடிகளை வெட்டினார். அக்கா வேரைப் பிடுங்கினார்.

"எனக்கு அன்னிக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. பசிடி."

கிழங்கு விளைவதற்குள் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் காட்டு ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

"குடுத்த வாக்கு போச்சு. அதான் அப்பாவும் போயிட்டாரு. அவங்க ஊருல எவனாச்சும் ரோசாவப் புடுங்கிட்டுக் கெழங்கு போடுவானா?"



இந்த விடுமுறைக்கு நான் இங்கிலாந்து கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "தொரசானி ஊரு பூந்தோட்டமெல்லாம் பாத்துட்டு வந்து சொல்லு."

பார்த்தேன் அக்கா. முதலில் தாவரவியல் பூங்கா. நீளமான கண்ணாடி வீட்டுக்குள் வெயில் நாட்டுச் செடிகளைக் குளிர் படாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் கரடி வளர்த்த கல் குழிகூட இருக்கிறது. உள்ளே இப்போது கரடி சிலை.

அப்புறம் பஸ் ஏறி, ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகைத் தோட்டம். ஸ்கேல் வைத்து வெட்டியது போலச் செடிவேலி, நீரூற்று… நூறு வருடமாக ஒரு கைகூட அங்கே தப்பாகப் பட்டதில்லை போலிருந்தது. அழகாக இருக்க இருக்க எனக்குப் பயம் வந்தது. அக்கா சொன்னதுதான் சரியோ? போய் என்ன சொல்வேன்?

மூன்று நாளைக்கு முன் மாமா வீட்டருகே ஒரு சாதாரணப் பூங்கா. தூறல். ரோஜாப் பாத்தி ஓரத்தில் ஒரு தகவல் பலகை. வழக்கம்போல் படித்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். தலையில் துணி கட்டிய பெண்கள், கையில் மண்வெட்டி. அதே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பஞ்சம் வந்ததால் இந்தப் பாத்திகளைத் தோண்டி உருளைக்கிழங்கும் கோஸும் போட்டார்களாம்.

மூன்று முறை படித்தேன்.

"மாமா! இவங்களும் கெழங்கு போட்டிருக்காங்க!" நான் போட்ட சத்தத்தில் யாரோ கூட்டி வந்த நாய் குரைத்தது.

படத்தைப் பிரிண்ட் எடுத்து, நேரில் போய்ச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். மாமா விடவில்லை. "இப்பவே கூப்புடு. தொண்ணூறு வயசுக்காரங்களுக்கு எதுக்குடி சஸ்பென்ஸ்?"

இங்கே காலை பத்து மணி. அங்கே சாயங்காலம், வடை நேரம். சரசு ஆண்ட்டி போனைப் பிடித்துக்கொள்ள, பலகையைக் காட்டிப் படித்துச் சொன்னேன்.

"யாரு போடச் சொன்னா? ஜப்பான்காரனா?"

"இல்லக்கா. அவங்க கவர்மெண்டேதான். பசிக்கா."

சரசு ஆண்ட்டி கையிலிருந்த போனை அக்கா வாங்கிக்கொண்டார்.

"அப்ப, தொரசானி திரும்பி வந்திருந்தாலும் எங்கப்பாவத் திட்டியிருக்க மாட்டா."

"மாட்டாங்கக்கா."

"ரோசா?"

"சண்ட முடிஞ்சதும் மறுபடி வெச்சுட்டாங்க."

"எங்க, காட்டு." காட்டினேன். உற்றுப் பார்த்தார். "எங்கப்பா வெச்சது இதவிடப் பெருசு."

அதுதான் கடைசிப் பேச்சு.

இன்று சரசு ஆண்ட்டி மெசேஜில் இன்னொன்றும் சொன்னார். இத்தனை வருடம் மரவள்ளியைத் தொடாத அக்கா, நான் பேசிய அன்று இரவே அதை வாங்கி வரச் சொன்னாராம். அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, இரண்டு துண்டு சாப்பிட்டாராம். உப்புப் போதவில்லை என்று ஆண்ட்டிக்குத் திட்டு.

அழுதேன். ஆனால் அழுகையைவிட நிம்மதிதான் அதிகம். நல்லவேளை, அன்றே கூப்பிட்டேன்… நல்லவேளை.

போய் வாங்க அக்கா. அங்கே உங்கள் அப்பாவைப் பார்த்தால் சொல்லுங்கள், கிழங்கு நன்றாக வெந்திருந்தது, உப்பு மட்டும்தான் கம்மி என்று.